கோடீசுவரர்களின் களத்தில் ஒரு கதவடைப்பு: அமெரிக்கக் கூடைப்பந்தாட்டம் கற்பிக்கும் பாடம்

பெரும் பணம் புரளும் இடத்தில் தொழிற்சங்கம் எதற்கு என்ற கேள்வி பலருக்கும் எழக்கூடியதே. ஆண்டொன்றுக்குப் பல மில்லியன் டொலர் பெறும் ஒருவர் தன்னைத் தொழிலாளி என்று கூறிக்கொண்டு முதலாளியிடம் நியாயம் கேட்கும்போது, உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவியும் தொழிற்சாலையில் இரவுவேலை செய்தும் வாழ்பவருக்குச் சிரிப்பு வருவது இயல்பு. அமெரிக்கத் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் 1998 ஆம் ஆண்டு மூண்ட பிணக்கை அந்நாட்டின் பத்திரிகைகள் பலவும் அத்தகைய சிரிப்புடனேயே எழுதின. பணக்காரருக்கும் பெரும் பணக்காரருக்கும் இடையிலான சண்டை என்று அதற்குப் பெயரும் சூட்டின.

ஆனால் தொகைகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்தப் பிணக்கின் உள்ளே இருந்தவை எந்தவொரு தொழிற்சாலையிலும் எழும் கேள்விகளே. வருமானத்தை உண்டாக்குபவர் யார்? அதிற் பெரும்பங்கு யாருக்கு? நட்டக் கணக்கைக் காட்டும் முதலாளியின் கணக்கேட்டை யார் சரிபார்ப்பது? தொழிலாளருள் மேல்நிலையில் உள்ளவனும் கீழ்நிலையில் உள்ளவனும் எவ்வளவு காலம் ஒன்றாக நிற்பர்? இக்கேள்விகளுக்காகவே இந்த வரலாறு எம் கவனத்துக்கு உரியதாகின்றது.

வேலைநிறுத்தமா, கதவடைப்பா?

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1998 இல் வீரர்கள் விளையாட மறுக்கவில்லை. அணிகளின் உரிமையாளர்களே பயிற்சிக் கூடங்களைப் பூட்டி, ஊதியத்தை நிறுத்தி, வீரர்களை வெளியே நிறுத்தினர். தொழிலாளி வேலையை நிறுத்துவது வேலைநிறுத்தம். முதலாளி வேலையைத் தர மறுப்பது கதவடைப்பு. ஆட்டம் நடைபெறாத நாளில் அரங்கின் வாசலிலிருந்து திரும்பும் இரசிகனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலாற்றான் கதவை அடைத்தவருக்குச் சேரவேண்டிய பழி, பெரும்பாலும் வெளியே நிற்பவர்மீது விழுகின்றது.

அடிப்படை ஆட்டக்காரர் சங்கம் உருவான கதை

வீரர்களின் சங்கத்தை 1954 இல் தோற்றுவித்தவர் பொஸ்ரன் செல்ற்றிக்ஸ் அணியின் நட்சத்திரமான பொப் கூசி. அதனை உரிமையாளர்கள் அங்கீகரிக்க மூன்று ஆண்டுகள் எடுத்தன. அன்று வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் ஏதும் இருக்கவில்லை.

நிலைமையை மாற்றியது 1964 ஜனவரி 14 ஆம் திகதி இரவு. பொஸ்ரன் நகரில் நட்சத்திர வீரர்களின் ஆட்டம் நடைபெறவிருந்தது. தொலைக்காட்சி நேரடி ஒளிபரப்புக்குத் தயாராக இருந்தது. ஓய்வூதியம் பற்றி உறுதிமொழி தரப்படும்வரை களத்தில் இறங்குவதில்லை என வீரர்கள் உடைமாற்றும் அறைக்குள்ளேயே அமர்ந்துவிட்டனர். அணி உரிமையாளர் ஒருவர் தமது வீரர்களை உடனே வெளியே வரும்படி ஆளனுப்பி மிரட்டியும் பயனில்லை. ஈற்றில் சங்கத்தின் ஆணையாளர் வோல்ரர் கென்னடி நேரில் வந்து வாக்குறுதி அளித்தார். ஆட்டம் சில நிமிடத் தாமதத்துடன் ஆரம்பமாயிற்று. அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் அக்காலத்தின் தலைசிறந்த வீரர்கள். தமக்காக மட்டும் பேரம் பேசியிருந்தால் அவர்கள் தனித்தனியே ஏதேனும் பெற்றிருப்பர். அனைவருக்குமாகப் பேசியதாலேயே ஓய்வூதியம் பிறந்தது.

அடுத்த படி நீதிமன்றத்தில் எடுத்துவைக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் வீரன் அதே அணிக்கே கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி அன்று நிலவியது. வேறு அணி கூடுதல் ஊதியம் தர முன்வந்தாலும் அவனாற் செல்ல முடியாது. இதனையும், போட்டிச் சங்கமான அமெரிக்கக் கூடைப்பந்தாட்டச் சங்கத்துடன் இணைந்து ஏகபோகம் அமைக்கும் முயற்சியையும் எதிர்த்து, அப்போது வீரர் சங்கத்தின் தலைவராக இருந்த ஒஸ்கார் றொபேட்சனின் பெயரில் 1970 இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1976 இல் ஏற்பட்ட இணக்கம் அந்தத் தளையைத் தளர்த்தியது. ஒப்பந்தம் முடிந்த வீரன் தன் உழைப்பை விரும்பிய இடத்தில் விற்கும் உரிமை 1988 அளவில் முழுமை பெற்றது.

1983 இல் உரிமையாளருக்கும் வீரருக்கும் இடையே புதியதோர் ஏற்பாடு உருவாயிற்று. பல அணிகள் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. மொத்த வருமானத்தில் 53 வீதம் வீரர்களுக்கு உறுதிசெய்யப்பட்டது. பதிலுக்கு, ஒவ்வொரு அணியும் செலவிடக்கூடிய ஊதியத்துக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 1984-85 பருவகாலத்தில் அது 3.6 மில்லியன் டொலர். அன்றிலிருந்து பிணக்கு முழுவதும் அந்த வீதத்தைச் சுற்றியே நடந்துவருகின்றது.

1998: பூட்டிய கதவு

ஜோர்டானின் காலம் கூடைப்பந்தாட்டத்தை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1997-98 பருவகாலத்தில் மைக்கல் ஜோர்டான் பெற்ற ஊதியம் 33 மில்லியன் டொலருக்கும் மேல். ஓர் அணி முழுவதற்குமான உச்சவரம்போ ஏறத்தாழ 27 மில்லியன் மட்டுமே. தன் சொந்த வீரனைத் தக்கவைக்க அணி வரம்பைத் தாண்டலாம் என்ற விதிவிலக்கே இதற்குக் காரணம். 1997 இல் 21 வயதான கெவின் கார்னெற்றுடன் மினசோட்டா அணி ஆறு ஆண்டுகளுக்கு 126 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தபோது உரிமையாளர்கள் அதிர்ந்தனர். அணியை வாங்கக் கொடுத்த விலையைவிட ஒரு வீரனுக்குக் கொடுக்கும் தொகை அதிகமாகிவிட்டது.

வீரர்களின் பங்கு 51.8 வீதத்தைத் தாண்டினால் ஒப்பந்தத்தை மீளத் திறக்கலாம் என 1995 இன் உடன்படிக்கை கூறியது. பங்கு 57 வீதத்தை எட்டியிருந்தது. 1998 மார்ச்சில் உரிமையாளர்கள் 27 க்கு 2 என்ற வாக்குகளால் ஒப்பந்தத்தை மீளத் திறந்தனர். யூலை 1 ஆம் திகதி கதவு அடைக்கப்பட்டது. அக்கதவின் ஒரு புறத்தில் ஆணையாளர் டேவிட் ஸ்ரேர்ன் நின்றார். மறுபுறத்தில் வீரர் சங்கத்தின் நிர்வாகப் பணிப்பாளர் பில்லி ஹன்ரரும் தலைவர் பற்றிக் யூவிங்கும் நின்றனர்.

உத்தரவாதமளிக்கப்பட்ட ஒப்பந்தம் வைத்திருந்த இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்களுக்குக் கதவடைப்புக் காலத்திலும் ஊதியம் வழங்கப்பட வேண்டும் என்று சங்கம் வாதாடியது. ஒக்ரோபரில் நடுவர் ஜோன் பீரிக் அதனை நிராகரித்தார். அத்தீர்ப்போடு பேரத்தின் தராசு சாய்ந்தது. உரிமையாளர்களுக்கு வேறு தொழில்களும் வேறு வருமானங்களும் இருந்தன. வீரனுக்கு இருந்ததோ அவனுடைய உடலும், அது ஒத்துழைக்கும் சில ஆண்டுகளுமே.

பொதுமக்களின் அனுதாபத்தையும் வீரர்கள் இழந்தனர். நாம் நிறையச் சம்பாதிக்கிறோம், நிறையச் செலவும் செய்கிறோம் என்ற கருத்தில் யூவிங் கூறிய வார்த்தைகள் ஏளனத்துக்கு உள்ளாகின. இதில் நிறமும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வீரர்களிற் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். உரிமையாளர்களோ ஏறக்குறைய அனைவரும் வெள்ளையினத்தவர். இளங் கறுப்பின வீரனின் கார்கள் எத்தனை என்று எண்ணியவர்கள், உரிமையாளரின் சொத்தை எண்ணவில்லை.

பருவகாலத்தை முற்றாக இரத்துச் செய்வதற்குக் குறிக்கப்பட்ட நாள் 1999 ஜனவரி 7. அதற்கு முந்திய நாள், இரவிரவாக நடந்த பேச்சின் முடிவில் உடன்பாடு கண்டது. வீரர்கள் 179 க்கு 5 என்ற வாக்குகளால் அதனை ஏற்றனர். 82 ஆட்டங்களுக்குப் பதிலாக ஒவ்வொரு அணிக்கும் 50 ஆட்டங்களே எஞ்சின. பெப்ரவரி 5 ஆம் திகதி விளையாட்டு ஆரம்பமாயிற்று. தொழிற்பிணக்கினால் அச்சங்கத்தின் ஆட்டங்கள் இழக்கப்பட்டது அதுவே முதற்தடவை.

வென்றவர் யார்?

தனியொரு வீரனின் ஊதியத்துக்கே உச்சவரம்பு விதிக்கப்பட்டது உரிமையாளர்களின் பெருவெற்றி. சேவைக்காலத்துக்கேற்ப 9, 11, 14 மில்லியன் டொலர் என மூன்று படிகள் வகுக்கப்பட்டன. மறுபுறத்தில், பத்தாண்டு அனுபவமுள்ள வீரனின் ஆகக்குறைந்த ஊதியம் ஒரு மில்லியனாக உயர்ந்தது. நடுத்தர வீரர்களை அமர்த்துவதற்கெனப் புதிய விதிவிலக்கும் கிடைத்தது. அதாவது உச்சியில் இருந்தவர்களின் எதிர்கால ஊதியம் வெட்டப்பட்டு, நடுவில் நின்றவர்களின் நிலை ஓரளவு உயர்த்தப்பட்டது.

இங்கேதான் சங்கத்தின் உள்முரண் வெளிப்பட்டது. கதவடைப்புக் காலம் முழுவதும் எதிர்க்கப்பட்ட தனியாள் உச்சவரம்பு உண்மையில் ஒரு சிலரையே பாதிக்கக்கூடியது. ஆனால் 32 ஆட்டங்களின் ஊதியம், அதாவது ஆண்டு வருமானத்தில் 39 வீதம், எல்லோரையும் விட்டுப் போயிற்று. இரண்டு மூன்று ஆண்டுகளே விளையாடக் கிடைக்கும் ஒரு மாற்று வீரனுக்கு அது திரும்பி வராத பணம். 179 க்கு 5 என்ற வாக்கெடுப்பு அவர்களின் களைப்பையும் சேர்த்தே சொல்லிற்று. 1964 இல் நட்சத்திரங்கள் எல்லோருக்குமாகப் பொறுத்திருந்தனர். 1998 இல் எல்லோரும் நட்சத்திரங்களுக்காகப் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று என்று கூறுவது முழு உண்மையன்று. ஆனால் அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

இவர்களுக்கும் கீழே, எந்தப் பேச்சு மேசையிலும் இடமில்லாதோர் இருந்தனர். அரங்கில் அனுமதிச்சீட்டுக் கிழிப்போர், சிற்றுண்டி விற்போர், ஆட்டம் முடிந்தபின் இருக்கைகளுக்கிடையே குப்பை கூட்டுவோர் ஆகியோருக்கு ஆட்டமில்லாத இரவு ஊதியமில்லாத இரவு. அவர்களுக்கு உத்தரவாத ஒப்பந்தமும் இல்லை, நடுவர் தீர்ப்பும் இல்லை.

மீண்டும் ஒருமுறை

2011 யூலை 1 ஆம் திகதி கதவு மறுபடியும் அடைபட்டது. 30 அணிகளில் 22 நட்டத்தில் இயங்குவதாக உரிமையாளர்கள் கூறினர். 161 நாட்களின் பின் உடன்பாடு கைச்சாத்தாயிற்று. பருவகாலம் 66 ஆட்டங்களாகச் சுருங்கியது. வீரர்களின் பங்கு 57 வீதத்திலிருந்து ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது.

அந்த நட்டக் கணக்கை எடைபோட ஓர் உதாரணம் போதும். 1981 இல் 12.5 மில்லியன் டொலருக்கு வாங்கப்பட்ட கிளிப்பேர்ஸ் அணி, 2014 இல் 2 பில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. ஆண்டுக் கணக்கில் நட்டம் காட்டிய தொழிலின் பெறுமதி அதே காலத்தில் ஏறிக்கொண்டே சென்றது. அந்த ஏற்றத்தில் வீரனுக்குப் பங்கில்லை. வருமானத்தில் மட்டுமே அவனுக்குப் பங்குண்டு. 2024 இல் பதினொரு ஆண்டுகளுக்கென 76 பில்லியன் டொலர் பெறுமதியான ஒளிபரப்பு ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டுள்ளது. அதற்கு முந்திய ஆண்டில் வீரர்களுடன் செய்யப்பட்ட கூட்டு ஒப்பந்தம் கதவடைப்பின்றியே நிறைவேறியது. பணம் பெருகும் காலத்தில் சமாதானம் எளிது. சுருங்கும் காலத்திலேயே சங்கத்தின் பலம் அளக்கப்படும்.

கூடைப்பந்தாட்ட வீரனின் ஊதியத்தை எமது ஊதியத்தோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவதாற் பயன் ஏதுமில்லை. அவனுக்குக் கொடுக்கப்படாத பணம் கோப்பை கழுவுபவனுக்கோ குப்பை கூட்டுபவனுக்கோ வந்து சேர்வதில்லை. அது உரிமையாளரிடமே தங்கிவிடுகின்றது. எல்லோரும் அறிந்த முகங்களையும், மாற்ற முடியாத திறமையையும், மில்லியன்களையும் வைத்திருந்தவர்களையே ஆறு மாதம் வெளியில் நிறுத்த ஒரு பூட்டுப் போதுமானதாக இருந்தது. இவற்றில் ஒன்றும் இல்லாத தொழிலாளிக்குச் சங்கம் எவ்வளவு அவசியம் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அச்சங்கம் தன் வரிசையின் கடைசி ஆளையும் நினைவில் வைத்திருக்கும்வரைதான் அது சங்கம்.