தெருவுக்கு வரும் தொழில்நுட்பத்தை யார் சோதிப்பது?

நாளொன்றுக்கு 4,000 டன் கழிவு. பழைய டயர், பிளாஸ்டிக், இடிபாட்டு மரம் என எல்லாவற்றையும் எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துத் தென்கோடியில், கர்டிஸ் பே பகுதியில் அமையவிருந்த இந்த ஆலைக்கு மேரிலாந்து மாநில அரசின் ஒப்புதல் 2010-இல் கிடைத்தது. திட்டத்தின் பெயரிலேயே 'புதுப்பிக்கத்தக்க எரிசக்தி' இருந்தது. குப்பையை எரித்துப் பெறும் மின்சாரத்தைக் காற்றாலை, சூரிய மின்சாரத்தோடு ஒரே வரிசையில் வைத்து மறு ஆண்டே சட்டமும் வந்துவிட்டது.

ஆலைக்கு ஒதுக்கிய இடத்திலிருந்து ஒரு மைலுக்கும் குறைவான தொலைவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அனுமதியின்படி ஆண்டுக்கு 240 பவுண்டு பாதரசமும் 1,000 பவுண்டு ஈயமும் புகையில் வெளியேறலாம். இந்தக் கணக்கை ஊராரிடம் வீடு வீடாகக் கொண்டுபோனவர்கள் அந்தப் பள்ளியின் மாணவர்கள்.

கர்டிஸ் பே, தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்து, அவற்றாலேயே நொந்துபோன ஊர். எண்ணெய்க் கிடங்குகள், ரசாயன ஆலைகள், மருத்துவக் கழிவு எரி உலை, திறந்தவெளியில் மலையாகக் குவிந்த நிலக்கரி எல்லாம் குடியிருப்புகளை ஒட்டியே இருக்கின்றன. பக்கத்திலிருந்த ஃபேர்ஃபீல்டு, வாக்னர்ஸ் பாயின்ட் ஆகிய குடியிருப்புகள் ஆலைகளுக்கு நடுவே வாழ முடியாமல் காலியாகி, வரைபடத்திலிருந்தே மறைந்துவிட்டன. அதனால் புதிதாக ஓர் ஆலை வருகிறதென்றால், 'நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது' என்ற சலிப்பே அங்குள்ள பெரியவர்களிடம் மிஞ்சியிருந்தது. அரசின் மீதிருந்த நம்பிக்கையோடு, தம்மால் எதையும் மாற்ற முடியும் என்ற நம்பிக்கையும் போயிருந்தது.

மாணவர்கள் தொடங்கியது ஒரு நாடகத்திலிருந்து. நகரத்தின் அரங்கொன்றில் இப்சனின் 'மக்களின் எதிரி' நாடகத்தைப் பார்த்தார்கள். ஊரின் வருமானத்துக்கு ஆதாரமான நீரூற்றில் நச்சு கலந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் மருத்துவரை ஊரே பகைத்துக்கொள்ளும் கதை அது. சத்யஜித் ராய் 1989-இல் 'கணசத்ரு' என்று படமாக்கியதும் இதைத்தான். 'நம் ஊரில் என்ன நடக்கிறது?' என்று தேடிய மாணவர்கள் எரி உலைத் திட்டத்தில் வந்து நின்றார்கள். 'ஃப்ரீ யுவர் வாய்ஸ்' என்ற குழு உருவானது. பள்ளி இறுதி வகுப்பில் இருந்த டெஸ்டினி வாட்ஃபோர்டு அதன் முன்னணியில் நின்றார்.

கதவுகளைத் தட்டியபோது, பலருக்கு இப்படியொரு ஆலை வருவதே தெரியவில்லை. பொதுநலத் திட்டமென்று பேசப்பட்ட ஒன்று, அதன் நிழலில் வாழப்போகிறவர்களின் காதுக்கே எட்டவில்லை.

அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு அடுத்தது. ஆலை தரும் மின்சாரத்தை வாங்கப்போவது யார் என்று அவர்கள் தேடினார்கள். பள்ளிகள் முதல் கலை அருங்காட்சியகம் வரை 22 பொது அமைப்புகள் ஒப்பந்தம் செய்திருந்தன. அந்தப் பட்டியலில் அவர்களுடைய சொந்தப் பள்ளி நிர்வாகமும் இருந்தது. பிள்ளைகளின் மூச்சைக் காக்க வேண்டிய பள்ளி வாரியமே, அந்த மூச்சில் புகையைக் கலக்கும் ஆலைக்கு வாடிக்கையாளர்!

நிபுணர்கள் புகையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, மாணவர்கள் பணம் எந்த வழியாக வருகிறது என்று பார்த்தார்கள். அனுமதி கொடுத்த அலுவலகத்தை அசைப்பது கடினம். வாங்குவோரை அசைப்பது எளிது. 2014-இல் பள்ளி வாரியத்தின் கூட்டத்துக்குப் போய், திரையில் தரவுகளைக் காட்டி, தாங்களே எழுதிய பாட்டையும் பாடினார்கள். 2015 தொடக்கத்தில் வாரியம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. மற்ற அமைப்புகளும் ஒவ்வொன்றாக விலகின.

2016 மார்ச்சில் ஆலையின் அனுமதி காலாவதியானதாக மாநிலச் சுற்றுச்சூழல் துறை அறிவித்தது. கட்டுமானம் 18 மாதங்களுக்கு மேல் நின்றுபோனதே சட்டப்படி காட்டப்பட்ட காரணம். பாதரசமும் ஈயமும் அந்த முடிவுக்குக் காரணமாகக் காட்டப்படவில்லை. ஆனால் வாங்க ஆளில்லாத ஆலையை எந்த முதலீட்டாளர் கட்டுவார்? அதே ஆண்டு வாட்ஃபோர்டுக்கு, சுற்றுச்சூழல் பணிக்கான கோல்ட்மேன் விருது கிடைத்தது.

'பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? யாரோ தூண்டிவிடுகிறார்கள்' என்ற பேச்சு எந்த ஊரிலும் எழும். நவீன வடிகட்டிகள் உண்டு, வேலைவாய்ப்பு வரும், எல்லாம் விதிக்குட்பட்டது என்ற நிறுவனத் தரப்பு வாதமும் கேட்க வேண்டியதே. ஆனால் விதி ஒவ்வொரு புகைபோக்கிக்கும் தனித்தனியே வரம்பு வைக்கிறது; கர்டிஸ் பேயில் ஒரு குழந்தை எல்லாப் புகைபோக்கிகளின் காற்றையும் சேர்த்தே சுவாசிக்கிறது. அந்தக் கூட்டுக் கணக்கைப் போட அங்கே வாழ்ந்தவர்களால்தான் முடிந்தது.

அடுத்த சோதனை நிலக்கரியில் வந்தது. 2021 டிசம்பர் 30 அன்று, அங்குள்ள சிஎஸ்எக்ஸ் ரயில் நிறுவனத்தின் நிலக்கரி முனையத்தில் வெடிப்பு ஏற்பட்டு, சுற்றுப்புற வீடுகளின் சன்னல்கள் நொறுங்கின. தெருக்களில் கரித்தூள் படிந்தது. இம்முறை குடியிருப்போர் சங்கம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாநிலச் சுற்றுச்சூழல் துறை எல்லாரும் சேர்ந்தே ஆய்வு செய்தார்கள். காற்றின் நுண்துகளை அளக்கும் கருவிகளைத் தெருக்களில் பொருத்தினார்கள். ஒட்டும் பட்டைகளில் தூசியை எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கரிக்குவியலின் மேல் புல்டோசர் எப்போது ஓடுகிறது என்று கேமரா வைத்துக் கண்காணித்தார்கள். குடியிருப்புப் பகுதியெங்கும் நிலக்கரித் தூள் படிந்திருப்பதாக 2023 டிசம்பரில் வெளியான கூட்டறிக்கை சொன்னது. சன்னல் விளிம்பைத் துடைத்துத் துடைத்துக் கறுத்த துணியைக் காட்டி ஊரார் பல ஆண்டுகளாகச் சொன்னது, அன்றுதான் அரசு ஆவணத்தில் ஏறியது.

ஒரே ஊரில், ஒரே கேமராவும் கருவியும் இருவிதமாக இயங்கலாம். மேலிருந்து வந்து மாட்டப்பட்டு, தரவு யாரிடம் போகிறதென்றே தெரியாமல் இருந்தால் அச்சம் வளரும். எங்கே வைப்பது, எதை அளப்பது, முடிவை யார் முதலில் பார்ப்பது என்பதில் தெருவாசிகளுக்கும் பங்கிருந்தால் அந்தக் கருவி அவர்களுக்குச் சாட்சியாகிறது. கர்டிஸ் பேயில் அரசும் மக்களும் ஒரே அறிக்கையில் கையெழுத்திட முடிந்தது இதனால்தான்.

இது தொலைதூரத்துக் கதை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. பால்டிமோர் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியாகும் நிலக்கரியில் கணிசமான பகுதி இந்தியாவுக்கு வருகிறது. செங்கல் சூளைகள் அதன் முக்கிய வாடிக்கையாளர்கள். அங்கே குவியலில் பறக்கும் தூளின் மறுமுனையில் நம் சந்தை இருக்கிறது. சென்னையிலோ, கொடுங்கையூரில் குப்பை எரி உலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து வடசென்னை மக்கள் தெருவில் நின்றிருக்கிறார்கள். எண்ணூரின் நிலக்கரிச் சாம்பலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை.

நம் பள்ளிகளிலும் தேசியப் பசுமைப் படை இருக்கிறது. மரக்கன்று நடுவதும் விழிப்புணர்வுப் பேரணி போவதும் அதன் வழக்கமான வேலைகள். அவற்றோடு, தங்கள் பகுதி ஆலைகளின் இசைவாணை நகலும் காற்று அளவீடுகளும் தமிழில் அந்த மாணவர்கள் கைக்கு வர வேண்டும். படித்துப் பார்த்து, தெருவில் விசாரித்து, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேச அவர்களுக்கு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். பள்ளிக் கல்வித் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மனம்வைத்தால், மணலி, எண்ணூர், கொடுங்கையூர்ப் பள்ளிகளில் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம்.