ஐந்து வினாடி ஆட்டம்

எங்கள் வீட்டில் நாங்கள் சகோதரிகள் மூவர். விளையாட்டுக் கருவியோ ஒன்றே ஒன்று. மாமா கொடுத்த பழைய கேம் பாய் அட்வான்ஸ். அதில் 'வாரியோவேர்' ஆடத் தொடங்கிய நாள் முதல் பெரியோரின் கண்டனத்திற்கு ஆளாகி வருகிறோம். "கண் மூடித் திறப்பதற்குள் ஒன்று போய் மற்றொன்று வருகிறதே, இதை ஆடும் பிள்ளைக்கு மனம் எதில் நிலைக்கும்?" என்கின்றனர். எங்கள் பக்கத்தையும் சற்றுக் கேட்க வேண்டுகிறோம்.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டது இது. வாரியோ ஒரு பேராசைக்காரன். வீடியோ விளையாட்டுகள் நன்றாக விற்பதைக் கண்டு, தானும் பணம் குவிக்க ஒரு கம்பெனி தொடங்கி, நண்பர்களை வேலை வாங்குகிறான். அவர்கள் செய்து தந்த குட்டி ஆட்டங்களே இவை என்பது கதை. இருநூறுக்கும் மேல் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தே வினாடி. 'விலகு' என்றொரு கட்டளை தோன்றும். எதிரே வரும் காரைத் தாண்ட வேண்டும். அடுத்த நொடி ஓர் ஈயை அடிக்க வேண்டும். மூக்கில் விரலை நுழைக்கும் ஆட்டமும் உண்டு, சிஸ்டர்கள் மன்னிப்பார்களாக! திசைப் பொத்தானும் 'ஏ' பொத்தானும் தவிர வேறெதுவும் தேவையில்லை. நான்கு தவறு செய்தால் ஆட்டம் முடிந்தது. போகப் போக வேகம் கூடும்.

கட்டளைகள் ஆங்கிலத்தில் வரும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் கடைக்குட்டிக்கு அவற்றைப் படிக்க வராது. படத்தை மட்டும் பார்த்து, சட்டென்று செய்து விடுவாள். படித்துப் பொருள் தெரிந்து கொண்டு பொத்தானை அழுத்தும் மூத்தவர்கள் நாங்கள் தோற்போம்! பார்க்கப் பழகுவதும் ஒரு படிப்பு அல்லவா?

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. காலாண்டுத் தேர்வில் 'விளைவுகளை எழுதுக' என்ற வினாவுக்கு எங்களில் ஒருத்தி காரணங்களை எழுதி விட்டு வந்தாள். அம்மா கருவியை அலமாரியின் உச்சியில் ஏற்றி விட்டார். வேகத்தின் மேல் பழி விழுந்தது. அது முழு உண்மை அன்று என்பதே எங்கள் கருத்து. ஆட்டத்தில் அதே படம் மீண்டும் மீண்டும் வரும். எனவே முதல் பார்வை போதும். வினாத்தாளில் அப்படி வருவதில்லை. இதை மறந்தது எங்கள் குற்றம்.

உண்மையான ஆபத்து ஆட்டத்தின் சிறுமையில் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆட அனுமதி கேட்க எங்களுக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் ஐந்து வினாடிக்கு யார் அனுமதி கேட்பார்? தோற்றதும் 'இன்னும் ஒன்றே ஒன்று' என்கிறோம். அவ்வளவு சிறியதை மறுக்க மனம் வருவதில்லை. அப்படியே விளக்கு வைக்கும் நேரம் வந்து விடுகிறது. அம்மா எங்களைப் பிடித்ததும் அப்படித்தான்.

இப்போது கருவி அலமாரியிலிருந்து இறங்கி விட்டது. ஏற்பாடு இதுதான்: நான்கு தவறு ஆனதும் அடுத்தவளிடம் கொடுத்து விட வேண்டும், மூவரும் ஒரு சுற்று முடித்ததும் அது அப்பாவின் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். நேற்று கடைக்குட்டி, "நான்காவது தவறு கணக்கில் சேராது, அண்ணா காலை இடித்தான்" என்று வாதாடினாள். எங்களுக்கு அண்ணனே கிடையாது.