வரலாற்றாசிரியராகக் குறுகிப்போன கதாசிரியர்

பி.எஸ்.ராமையா என்ற பெயரைச் சொன்னவுடன், 'மணிக்கொடி ஆசிரியர்தானே' என்று கேட்டு நிறுத்திவிடுகிறவர்களே இன்று மிகுதி. வத்தலக்குண்டில் 1905-இல் பிறந்து ஏறத்தாழ 300 சிறுகதைகள் எழுதியவருக்கு நாம் வழங்கியிருக்கும் இடம் அவ்வளவுதான்! இது மரியாதையன்று; மரியாதையின் பெயரால் செய்யப்படும் புறக்கணிப்பு.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் பங்கேற்றுச் சிறை சென்றவர் அவர். 1935 முதல் மணிக்கொடியைச் சிறுகதைக்கான ஏடாக நடத்தினார். புதுமைப்பித்தனும் கு.ப.ரா.வும் மௌனியும் அதில் எழுதினர். பிறருக்கு மேடை அமைத்துத் தந்த அந்தப் பெருந்தன்மையே அவருக்குப் பகையாயிற்று. 1982-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருதும் 'மணிக்கொடி காலம்' என்னும் இதழியல் வரலாற்றுக்கே கிடைத்தது. கதைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. மறு ஆண்டே அவர் மறைந்தார்.

அவர் மிகுதியாக எழுதினார், நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் சென்றார், ஆகவே கலை நீர்த்துப்போயிற்று என்று சில விமர்சகர் கூறுவர். எழுத்தையே நம்பிப் பிழைத்தவர் பல துறைகளில் உழைத்ததைக் குற்றமாக்குவது எவ்வகை நீதி? உழைப்பவர் ஊதியத்துக்கு உரியவர் என்பதன்றோ நம் மறை கற்பிக்கும் பாடம்? அவருடைய எல்லாக் கதைகளும் ஒரே தரத்தன அல்ல என்பது உண்மையே. ஆயினும் ஒருவரை அவருடைய சிறந்த படைப்பைக் கொண்டு அளப்பதே முறை. அதே வத்தலக்குண்டு மண்ணில் வளர்ந்த சி.சு.செல்லப்பா, கறாரான விமர்சகர் என்று பெயரெடுத்தவர். அவரே ராமையாவின் கதைகளைப் பற்றித் தனி நூல் எழுதினார் என்பதைக் குறை கூறுவோர் எண்ணிப் பார்க்கட்டும்.

'நட்சத்திரக் குழந்தைகள்' கதையைப் படித்தவர் அதை மறப்பதில்லை. விண்மீன் ஒன்று விழுவதைக் காணும் சிறுமி, எவரோ பொய் சொல்லிவிட்டார் என்று அழுகிறாள். பொய்யைப் பற்றி நாம் ஆற்றும் மறையுரைகள் எத்தனை! அந்தக் குழந்தையின் கண்ணீர் செய்வதை அவை செய்கின்றனவா? உவமைகளால் போதித்த ஆண்டவரைப் பின்செல்லும் நாம், கதையின் ஆற்றலை அறியாதவர்கள் அல்லர். 'பரமார்த்த குருவின் கதை'யை எழுதிய வீரமாமுனிவரும் நம் மரபினரே.

பாலசமுத்திரத்திலிருந்து வத்தலக்குண்டு தொலைவன்று. இரண்டும் ஒரே மாவட்டத்து ஊர்கள். ஆனால் நம் பங்கு நூலகங்களில் அவருடைய கதைத் தொகுதி ஒன்றேனும் உண்டா? நம் பள்ளி இலக்கிய மன்றங்களில் அவர் கதை ஒன்றேனும் வாசிக்கப்படுகிறதா? அவருக்கு விழா எடுக்க வேண்டா, சிலையும் வேண்டா. இவ்வாண்டு நூல் வாங்கும் பட்டியலில் முதலில் அவர் பெயரை எழுதுவோம். வந்த நூலை அலமாரியில் பூட்டாமல் மாணவர் கையில் கொடுப்போம்.