கல்லாவைப் பார்க்கிறோம், காலைப் பார்க்கிறோமா?

வியாபாரத்துக்கு முதல் எது என்று கேட்டால் பணம் என்போம், இடம் என்போம், சரக்கு என்போம். அனுபவசாலிகள் நாணயம் என்பார்கள். எல்லாம் சரியே. ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்கும் நேரத்திலிருந்து இரவு பூட்டுப் போடும் வரை நம்மைத் தாங்கி நிற்கிற இரண்டு பாதங்களை அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். ஃபிரிட்ஜுக்கு ஆள் கூப்பிட்டுச் சர்வீஸ் செய்கிறோம். பாதத்தை மட்டும் அது நொண்ட ஆரம்பித்த பிறகுதான் குனிந்து பார்க்கிறோம்.

பெரிய நிறுவனத்தில் ஒரு மேலாளர் மூன்று மாதம் படுத்துவிட்டால் அவருடைய நாற்காலியில் இன்னொருவர் உட்காருவார். நம் கடைகள் அப்படியில்லை. முதலாளி மூன்று மாதம் வராவிட்டால் வெளியில் நிற்கும் பாக்கி வசூலாகாது. மண்டிக்காரர் சரக்கு அனுப்பத் தயங்குவார். இருபது வருட வாடிக்கை அடுத்த தெருவுக்குப் போய்விடும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளோடும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற ஆன்லைன் கம்பெனிகளோடும் நாம் போட்டி போடுவது, கடையில் நாமே நின்று முகம் கொடுத்து வியாபாரம் செய்வதால்தான். அந்த நிற்றல் போனால் முதலுக்கே மோசம்.

வியாபாரிகளுக்கு வருகிற கால் தொல்லைகளில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. தடுக்க ஆகிற செலவும் குறைவு. ஆனால் அதற்கு நம் கடைகளில் ஊறிப்போன இரண்டு வழக்கங்களை மாற்றியாக வேண்டும், சங்கங்களும் இதைத் தம் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

நிற்பதால் வரும் நஷ்டம்

நம் உடம்பில் இருக்கும் 206 எலும்புகளில் 52 எலும்புகள் இரண்டு பாதங்களில் இருக்கின்றன. அதாவது கால் பங்கு. இத்தனை சிறு எலும்புகளையும் தசைகளையும் நாண்களையும் சேர்த்துக் கட்டியிருப்பது நடப்பதற்காக. ஒரே இடத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதற்காக அல்ல.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அதனால்தான் மருத்துவர்கள் கெண்டைக்கால் தசையை இரண்டாவது இருதயம் என்கிறார்கள். கல்லாவுக்கு முன்னால் அசையாமல் நிற்கும்போது அந்த வேலை நடப்பதில்லை. இரத்தம் காலிலேயே தேங்கி மாலையில் பாதம் வீங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைக்கிறது. அதற்கும் மேலே போனால் கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, ஆறாத புண் வரை கொண்டுபோய் விடுகிறது.

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்தியதுபோல வலி, பத்தடி நடந்தால் குறைகிறது என்று சொல்கிறவர்கள் நம் கடைவீதியில் ஏராளம். உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் நாண் போன்ற தசைநார் கனமான நிற்பினால் புண்ணாகிவிடுவதே அதற்குப் பெரும்பாலும் காரணம். சிமெண்டுத் தரையும் கிரானைட் தரையும் இதை அதிகப்படுத்தும். வலிக்கு மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டு, வலிக்கிற காலை விட்டு மற்றக் காலில் சாய்ந்து நிற்போம். அதனால் முழங்காலும் இடுப்பும் கெடும். ஒரு கணக்கில் விட்ட பிழை ஐந்தொகை வரை இழுத்துக்கொண்டு போவது போலத்தான்.

வலிக்காத கால்தான் ஆபத்து

இவையெல்லாம் வலித்துச் சொல்லும் நோய்கள். வலிக்காமல் வருவது ஒன்று இருக்கிறது. அதுதான் சர்க்கரை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று கணக்கிட்டது. உட்கார்ந்தோ நின்றோ ஒரே இடத்தில் இருப்பது, நேரம் தவறிய சாப்பாடு, மணிக்கு ஒரு டீ, கடையிலேயே கைக்கெட்டும் தூரத்தில் மிக்சரும் பிஸ்கட்டும் என்று வாழும் நம் இனத்துக்கு அதில் கணிசமான பங்கு இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் காலுக்குப் போகும் நரம்புகள் கெடுகின்றன. முதலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மதமதப்பு. பிறகு உணர்ச்சியே இல்லாமல் போகிறது. வியர்வை குறைந்து தோல் காய்ந்து வெடிக்கிறது. இரத்த ஓட்டமும் குறைவதால் வந்த புண் ஆறுவதில்லை. பீடி சிகரெட் பழக்கமும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பருப்பு மண்டி வைத்திருந்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் வேண்டாம். ஒருநாள் மத்தியானம் தரையில் கிடந்த கோணி ஊசியை மிதித்துவிட்டார். மிதித்தது அவருக்குத் தெரியாது. சாயங்காலம் கடைப் பையன் தரையைக் கூட்டும்போது இரத்தக் கறையைப் பார்த்து, அது எங்கிருந்து வருகிறது என்று தேடியபோதுதான் தெரிந்தது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் கடைக்கு வந்தார். வலிக்கவில்லையே என்பதுதான் அவர் சொன்ன சமாதானம். பத்து நாளில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நான்கு மாதம் மண்டி பூட்டிக் கிடந்தது. ஊசி குத்தியதைவிட, வலிக்கவில்லை என்ற நம்பிக்கைதான் அவரை அதிகம் கெடுத்தது.

நீரிழிவால் காலையோ விரலையோ இழந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேருக்கு அதற்கு முன் பாதத்தில் ஒரு சாதாரணப் புண் இருந்திருக்கிறது என்று மருத்துவ உலகம் கண்டிருக்கிறது. அந்தப் புண் வந்த அன்றே பார்த்திருந்தால் அவர்களில் மிகப் பலருடைய கால் தப்பியிருக்கும்.

வேலூர் சொன்ன பாடம்

உணர்ச்சியற்ற பாதத்தைக் காப்பது எப்படி என்ற பாடத்தை உலகத்துக்குச் சொன்ன இடங்களில் நம் வேலூரும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். நோயால் சதை தானாக அழுகி விரல்கள் விழுகின்றன என்று அதுவரை பலரும் நம்பினார்கள். பிராண்ட் கூர்ந்து கவனித்துச் சொன்னது வேறு. வலி தெரியாததால் அடிபட்ட காலையே திரும்பத் திரும்ப ஊன்றி நடக்கிறார்கள். அந்த அழுத்தம்தான் பாதத்தைத் தின்கிறது என்றார். அதற்குப் பரிகாரம், அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும் மெத்தென்ற செருப்பும் தினசரிக் கவனிப்பும். 1960-களில் அமெரிக்கா சென்ற பின் இதே பாடம் நீரிழிவு நோயாளிகளின் பாதத்துக்கும் பொருந்தும் என்று அவர் காட்டினார். இன்று மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு இந்த வழியில் வந்ததுதான்.

சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-லேயே டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். பிறகு 1954-இல் ராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை நீரிழிவுப் பாதச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. மண்ணடிக்கும் பாரிமுனைக்கும் எட்டுகிற தூரம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பாதத்துக்கென்றே படித்த நிபுணர்கள் தனியாக இருக்கிறார்கள். நம் நாட்டில் அது தனித் தொழிலாக இன்னும் பரவவில்லை என்றாலும் நீரிழிவு மருத்துவர்களும் அறுவைச் சிகிச்சை மருத்துவர்களும் அந்தப் பணியைச் செய்கிறார்கள். வைத்தியம் கிடைக்காத குறை நமக்கில்லை. போகாத குறைதான்.

கடைக்குள் செருப்பு

இனி, மாற்ற வேண்டிய வழக்கங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, கடைக்குள் வெறுங்கால். கல்லா இருக்கும் இடத்தில் செருப்புக் காலோடு நிற்பது மரியாதையில்லை என்று பெரியவர்கள் பழக்கி வைத்தார்கள். அந்த மரியாதையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெரியவர்கள் மெத்தையில் திண்டு போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார்கள். நாம் நின்றுகொண்டும் கிடங்குக்கும் கடைக்கும் நடந்துகொண்டும் பார்க்கிறோம். நம் கிடங்குத் தரையில் கோணி ஊசி கிடக்கும். மூட்டை இழுக்கும் கொக்கி கிடக்கும். தகர டப்பாவின் விளிம்பு, அட்டைப் பெட்டியின் பின், உடைந்த பாட்டில் சில்லு, எல்லாம் கிடக்கும்.

தெருவின் அழுக்கைக் கடைக்குள் கொண்டுவரக் கூடாது என்பதுதான் அந்த வழக்கத்தின் உள்கருத்து. அப்படியானால் கடைக்குள் மட்டும் போட ஒரு ஜோடி சுத்தமான செருப்பு வைத்துக்கொண்டால் மரியாதையும் கெடாது, பாதமும் பிழைக்கும். பூஜை நேரத்தில் கழற்றி வைத்தால் போயிற்று. சர்க்கரை உள்ளவர்கள் வெயில் காலத்தில் கோயில் பிரகாரத்தில் நண்பகலில் வெறுங்காலோடு சுற்றுவதையும் யோசித்துச் செய்ய வேண்டும். சூடு தெரியாத காலில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அதிகாலையில் போனால் சாமி கோபித்துக்கொள்ளாது.

உட்கார ஒரு ஸ்டூல்

இரண்டாவது, சிப்பந்திகளை நாள் முழுவதும் நிற்க வைப்பது. நம் காலைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, நம்மிடம் வேலை செய்கிறவர்களின் காலைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது நியாயமாகாது. கல்லாவில் இருக்கும் நமக்காவது நாற்காலி உண்டு. பொட்டலம் கட்டும் பெண்ணுக்கும் எடை போடும் பையனுக்கும் பல கடைகளில் அது இல்லை.

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்கள் இதற்காகப் போராடினார்கள். அந்த மாநிலம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் கொண்டுவந்து, வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்வதற்கு எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று சொல்லப்பட்டது.

"வாடிக்கையாளர் வரும்போது பையன் உட்கார்ந்திருந்தால் கடைக்கு என்ன மதிப்பு?" என்று சிலர் கேட்கிறார்கள். வாடிக்கையாளர் வந்ததும் எழுந்து கொடுக்கப் போகிறார். கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் எதற்காக நிற்க வேண்டும்? கால் வலிக்கிறவரிடம் சிரித்த முகத்தை எதிர்பார்க்க முடியாது. எடையில் தவறும் மீதிச் சில்லறையில் தவறும் அயர்ந்த நேரத்தில்தான் வருகின்றன. ஒரு ஸ்டூலின் விலை ஒரு மூட்டை அரிசியில் வரும் லாபத்தைவிடப் பெரிதாக இருக்காது. இன்ஸ்பெக்டர் வருவார் என்பதற்காக அல்லாமல், நம் கடை என்பதற்காக இதைச் செய்வோம். நின்றே ஆக வேண்டிய இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பும், காலை மாற்றி மாற்றித் தூக்கி வைக்க அரை அடி உயரத்தில் ஒரு கட்டையும் போட்டுக் கொடுக்கலாம். கிடங்கில் மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்கு விரலை மூடும் காலணி தேவை.

நாமும் சங்கமும் செய்ய வேண்டியவை

இரவு கல்லாவை எண்ணி முடித்ததும் இரண்டு நிமிடம் பாதத்தைப் பாருங்கள். உள்ளங்கால் தெரியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், சர்க்கரை உள்ளவர்கள் ஆணிக்குப் பிளாஸ்டர் ஒட்டுவதும், வெந்நீரில் கால் வைப்பதும் கூடவே கூடாது. செருப்பு போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். புதுச் செருப்பைக் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வாங்குங்கள்.

சங்கங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. பாத உணர்ச்சியைச் சோதிக்க 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை போதும். அதைத் தொட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. மே 5 வணிகர் தினத்தையொட்டி ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் அருகிலுள்ள நீரிழிவு மருத்துவரை அழைத்து, முதலாளி, சிப்பந்தி, மூட்டைத் தொழிலாளி என்ற வேற்றுமை பாராமல் ஒரு பாதப் பரிசோதனை நடத்த வேண்டும். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பை மொத்தமாக வாங்கிக் கொள்முதல் விலைக்கே கொடுக்கலாம். மொத்தக் கொள்முதல் நமக்குத் தெரியாத வித்தையா?

வணிகர் நல வாரியத்திடமும் இதைக் கோரிக்கையாக வைக்கலாம். இறந்த பின் குடும்பத்துக்கு உதவுவது நல்ல காரியம்தான். நடமாடும்போதே காலைக் காப்பாற்றிக் கொடுப்பது அதைவிட நல்ல காரியம். வாரியத்துக்கும் அதில்தான் செலவு குறைவு. அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.