படியிறங்கும் கிழவன்
குவிபெக்கில் 20 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள நாயை வெளியே கூட்டிப்போனால் கயிற்றோடு மார்புப்பட்டியோ தலைப்பட்டியோ மாட்டியாக வேண்டும் என்பது 2020 மார்ச்சில் வந்த விதி. நாய்க்கடிக்குப் பயந்து போட்டது. மாண்ட்ரியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் எங்கள் தெருவில் அந்தப் பட்டிக்கு வேறு வேலை. இங்குள்ள பழைய மாடிவீடுகள் பலவற்றுக்குப் படிக்கட்டு வெளியே, இரும்பில், வளைந்து ஏறும். பனிக்காலத்தில் மனிதருக்கே வழுக்கும். எதிர்வீட்டு லாப்ரடோருக்கு வயது பதின்மூன்று, பின்னங்கால் இரண்டிலும் மூட்டுவாதம். அதை வளர்க்கும் அம்மா பட்டியின் முதுகுப்பிடியை ஒரு கையாலும், வயிற்றுக்கடியில் கொடுத்த துவாயை மறுகையாலும் தூக்கிப் படிபடியாக இறக்குகிறார். நடைபாதை உப்பு பாதத்தை எரிக்காதிருக்க நாலு காலுக்கும் சப்பாத்து வேறு. (நாய்க்குச் சப்பாத்தா என்று யாழ்ப்பாணத்தில் சிரிப்பார்கள், அங்கே உப்புத் தூவிய தெரு ஏது?) மாண்ட்ரியலே வீடு மாறுகிற ஜூலை 1-க்குள் கீழ்த்தள வீடு ஒன்று பார்க்க வேண்டுமாம், நாய்க்காகத்தான். எனக்கு அது ஆடம்பரமாகப் படவில்லை. வயதான தாய்க்குச் செய்வதுதானே. வாடகையைக்கூட எப்படியோ சமாளித்துவிடுவார். ஒப்பந்தத்தில் ‘நாய் கூடாது’ என்று எழுதுகிற வீட்டுக்காரர்களை என்ன செய்வது?