சுன்னாகத்துக் கிணறுகள்

வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் மக்கள் பெரிதும் நம்பியிருப்பது கிணற்று நீரையே. அந்நீரிலே எண்ணெய் மிதக்கக் கண்டனர் சுன்னாகம் மக்கள். மின்னுற்பத்தி நிறுவனமொன்றின் கழிவெண்ணெயே மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததென 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. துப்புரவுச் செலவுக்குக் கிணறொன்றுக்கு 40,000 ரூபா வரை என்றாயிற்று. தீர்ப்பை வரவேற்கிறோம்.

ஆயினும், கிணற்றை இறைத்தால் நிலம் துப்புரவாகுமா? கிணறு வெறும் வாய். நீர் நிற்பது சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளில். எண்ணெய் நீரினும் இலேசானது. நீர்மட்டத்தில் மிதந்து, மாரியில் உயர்ந்தும் கோடையில் தாழ்ந்தும் பாறையிற் படிகிறது. சிறிது கரைந்து நீரோடு செல்கிறது. இன்று இறைத்த கிணற்றை நாளை நிரப்புவதும் அந்நீரே. அயற்றோட்டத்து இறைப்பு இயந்திரமும் அதனைத் தன்பால் இழுக்கும்.

கழிவூறிய மண்ணை அகற்றுதல், துளைக்கிணறுகளிட்டு மிதக்கும் எண்ணெயை எடுத்தல், காற்றைச் செலுத்தி எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களைப் பெருக்குதல், இறைத்த நீரைக் கரியினூடு வடித்தல் ஆகியன, நிலத்தடி எண்ணெய்த் தாங்கிகள் ஒழுகிய இடங்களிற் பிறநாட்டார் கைக்கொள்ளும் முறைகளாம். வெடிப்புள்ள பாறையில் இவை ஆண்டுக்கணக்கிற் செல்லும். எளிதென்று நாம் சொல்லவில்லை. அத்தனை காலமும் அயற்கிணறுகளின் நீரை மாரியிலும் கோடையிலும் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதிக் கிணற்றுக்காரர் கையிலேயே கொடுக்க வேண்டும். தன் கிணற்று நீரைப் பிள்ளைக்குப் பருகக் கொடுக்கலாமா என்று கேட்கும் கமக்காரருக்கு, அரசாங்கம் எழுத்தில் மறுமொழி கூறட்டும்.