நடனப் பட்டம் இலவசம்; அதற்குப் போகும் வழி இலவசமில்லை

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியானதும் யாழ்ப்பாணத்து வீடுகளில் எழும் கேள்விகளில் ஒன்று, "பிள்ளையை நடனம் படிக்க எங்கே அனுப்புவது, எவ்வளவு முடியும்?" என்பது. மருத்துவம், பொறியியல் பற்றிய கேள்விகளைப் போல இது பத்திரிகைச் செய்தியாவதில்லை. ஆனால் பத்து வயதிலிருந்து சதங்கை கட்டி ஆடிய பிள்ளைக்கும் அவளைப் பெற்றவர்களுக்கும் அது எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கேள்வி.

உலகின் பல பகுதிகளில் இதற்குக் கிடைக்கும் பதில் கசப்பானது. அமெரிக்காவில் தனியார் கல்லூரிகளின் ஆண்டுக் கட்டணம் சராசரியாக 40,000 டொலரைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரிடம் அறவிடக்கூடிய உச்சக் கட்டணம் 2025இல் ஆண்டுக்கு 9,535 பவுணாக உயர்ந்தது. அங்கே வாழும் நம் உறவுகளின் பிள்ளைகளுக்கு நடனத்தைப் பட்டமாகப் படிப்பது கடனோடு எடுக்கும் முடிவு. இங்கோ மருதனார்மடத்தில், காங்கேசன்துறை வீதியோரம், நடனத்தில் பட்டம் தரும் ஒரு சிறிய கல்வி நிலையம் இருக்கிறது. அங்கு பட்டப்படிப்புக்குக் கட்டணம் கிடையாது.

அந்த நிலையம் ஒரே நாளில் எழுந்ததல்ல. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்கென நிறுவிய இராமநாதன் கல்லூரிச் சூழலில், அவருடைய மருமகன் சு. நடேசபிள்ளை 1960இல் இசைக்கென ஓர் அக்கடமியைத் தொடங்கினார். மகாராஜபுரம் சந்தானம் போன்ற வித்துவானை அழைத்துவந்து அதிபராக அமர்த்தும் துணிவு அன்றைக்கு இருந்தது. 1975இல் அது யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது. டிப்ளோமா தந்த இடம் பின்னர் நுண்கலைமாணிப் பட்டம் தரும் இடமாயிற்று. இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று ஊர் அழைத்த அது, இன்று யாழ். பல்கலைக்கழகத்தில் இராமநாதன் பெயரையே தாங்கிய தனிப் பீடம். கிழக்கில் கல்லடியில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. தமிழில் பரதம் படித்துப் பட்டம் பெற இத்தீவில் இரண்டு அரச வாசல்கள் உண்டு என்பது சின்ன விஷயமல்ல.

அப்படியானால் குறை எங்கே? கல்லூரி இலவசம், கல்லூரி வாசல் வரை போகும் வழி இலவசமில்லை. நம் கல்விச் சமூகம் பேசத் தயங்கும் உண்மை இதுதான்.

நுழைவுக்கு உயர்தரத்தில் இசட் புள்ளி வேண்டும். அதோடு செய்முறைத் தேர்வில் ஆடிக் காட்டவும் வேண்டும். அந்த ஆட்டம் எங்கே கற்கப்படுகிறது? பாடசாலையில் நடனப் பாடம் உண்டு. சாதாரண தரத்தில் செய்முறைப் பரீட்சையும் உண்டு. ஆனால் நாற்பது நிமிடப் பாடவேளையில், மேசை கதிரைகளை ஒதுக்கிவிட்டு, ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுவதையும் நிறுத்தி ஆசிரியர் எவ்வளவுதான் செய்ய முடியும்? அரைமண்டியில் இருந்துகொண்டு தட்டடவை மூன்று காலத்திலும் தளராமல் போட ஒரு பிள்ளைக்கு மாதங்கள் பிடிக்கும். முதற் காலத்தில் சரியாக விழும் பாதம் மூன்றாம் காலத்தில் தாளத்தை விட்டு ஓடும். முழங்கால் மெல்ல நிமிரும். கை தோள்மட்டத்திலிருந்து இறங்கும். தட்டுக்கழியோடு முன்னால் இருப்பவர் அந்த ஒரு பிள்ளையைப் பார்த்து, நிறுத்தி, திருத்தி, மறுபடி ஆடச் சொல்ல வேண்டும். அந்தத் திருத்தம் தனியார் வகுப்பில்தான் கிடைக்கிறது. தனியார் வகுப்புக்கு மாதக் கட்டணம் உண்டு.

வகுப்புக் கட்டணத்தோடு செலவு நிற்பதில்லை. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் இருக்கின்றன. தரம் தரமாக ஏறிக் கலாவித்தகர் வரை போவது நல்ல ஒழுங்குதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் பரீட்சைக் கட்டணம், போக்குவரத்து, தைத்த உடுப்பு, நெற்றிச்சுட்டி, ராக்கொடி, சதங்கை என்று பட்டியல் நீள்கிறது. அதன் உச்சியில் அரங்கேற்றம். மண்டபம், பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், ஒப்பனை, அழைப்பிதழ், வீடியோ, விருந்து என்று அது கலியாண வீட்டுக் கணக்கில் போய் நிற்கிறது. வசதி உள்ளவர் செய்வதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அரங்கேற்றம் செய்தவளே நடனக்காரி, செய்யாதவள் ஏதோ பாடசாலை மட்டத்தில் ஆடியவள் என்ற அளவுகோலை நாமே உண்டாக்கி வைத்திருக்கிறோம். வேலணையிலிருந்தோ மருதங்கேணியிலிருந்தோ வரும் கடற்றொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அந்த அளவுகோல் எட்டாது. அவள் செய்முறைத் தேர்வுக்கு வரும் முன்பே விலகிவிடுகிறாள். விலகியவளை எந்தப் புள்ளிவிபரமும் கணக்கெடுப்பதில்லை.

இதில் தனியார் ஆசிரியர்களைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. யாழ்ப்பாணத்தில் பரதம் நிலைத்ததே அவர்களால்தான். கொக்குவிலில் ஏரம்பு சுப்பையா கலாபவனம் நடத்திய காலத்திலிருந்து இன்றுவரை, போரும் இடப்பெயர்வும் வந்தபோதுகூட, வீட்டு விறாந்தையிலும் கோவில் மண்டபத்திலும் வகுப்பு நடத்தியவர்கள் அவர்கள். சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்களிடையே உண்டு. ஆனால் ஒரு சமூகத்தின் இலவசக் கல்வி தனிமனிதரின் தயவில் தங்கியிருக்கக் கூடாது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்ததன் நோக்கம், பிள்ளையின் திறமைக்கும் தகப்பனின் சட்டைப்பைக்கும் இருந்த தொடர்பை அறுப்பது. நடனத்தில் அந்தத் தொடர்பு இன்னும் அறுபடவில்லை.

ஆகவே பல்கலைக்கழகத்திடமும் மாகாணக் கல்வி அமைச்சிடமும் நாம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது, பணம் கட்டி வகுப்புக்குப் போக முடியாத மாணவருக்கென மருதனார்மடத்தில் சனிக்கிழமை ஆயத்த வகுப்பு. ஒன்பதாம் ஆண்டு முதல் உயர்தரம் வரை படிப்பவர்கள் அதில் சேரலாம். இறுதியாண்டு மாணவர் கற்பிக்கட்டும், விரிவுரையாளர் மேற்பார்வை செய்யட்டும். பட்டம் பெறுபவர்களில் பலர் ஆசிரியராகப் போகிறவர்கள்தான். கற்பித்துப் பழக அவர்களுக்கும் அது களம். அனுபவமுள்ள தனியார் ஆசிரியர்களை வேதனத்தோடு வருகை ஆசிரியராக அழைத்தால் பகையும் இராது, தரமும் குறையாது.

இரண்டாவது, வெட்டுப்புள்ளி தவறியவர்களுக்கு மாலை நேர டிப்ளோமா. இசட் புள்ளி நடனத்தை மட்டும் அளப்பதில்லை. உயர்தரத்தின் மற்றப் பாடங்களில் சறுக்கிய நல்ல ஆட்டக்காரியை வெளியே விடுவதால் கலைக்குத்தான் நட்டம். கட்டணம் அறவிட வேண்டியிருந்தால் அது சிறிதாகவும், முன்கூட்டியே பகிரங்கமாக அறிவிக்கப்பட்டதாகவும் இருக்கட்டும்.

மூன்றாவது, உடுப்பும் அணிகலனும் இரவல் கொடுக்கும் பொதுக் களஞ்சியம். பிள்ளைகள் வளர வளரப் பெட்டிக்குள் போகும் நடன உடுப்புகள் இந்தக் குடாநாட்டில் எத்தனை வீடுகளில் இருக்கின்றன! வலயக் கல்விப் பணிமனைக்கு ஓர் அலுமாரி வைத்தால் போதும், யாழ். மாவட்டத்தின் ஐந்து வலயங்களுக்கு ஐந்து அலுமாரிகள்.

நான்காவது, மேடை. இந்திய நன்கொடையில் பொது நூலகத்துக்கு அருகே எழுந்த கலாசார மையத்தில் அறுநூறு பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கு இருக்கிறது. அதில் மாதத்தில் ஒரு மாலையை நடன மாணவருக்கு இலவசமாக ஒதுக்கி, பீடத்தின் இசை மாணவரையே பக்கவாத்தியத்துக்கு அமர்த்தினால், அலாரிப்பு முதல் தில்லானா வரை ஆடிக் காட்ட ஒரு பிள்ளைக்கு வேறு செலவில்லை. அதையே அவளுடைய அரங்கேற்றமாக ஊர் ஏற்றுக்கொள்ளட்டும்.

"ஏற்கெனவே படித்தவர்களுக்கே வேலையில்லை, இன்னும் ஆட்களைச் சேர்த்து என்ன செய்வது?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ். மாவட்டச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் இருந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் பிள்ளைகளை வாசலிலேயே தடுப்பது அதற்கு மருந்தல்ல. எந்தப் பாடசாலையில் நடன ஆசிரியர் இல்லை, எங்கே தேவைக்கு மேல் இருக்கிறார்கள் என்ற பட்டியலை மாகாணக் கல்வித் திணைக்களம் வலயவாரியாக வெளியிடட்டும். நியமனம் அந்தப் பட்டியலின்படி நடக்கட்டும். பீடமும் தன் பாடத்திட்டத்தில் நட்டுவாங்கம், மேடை ஒளியமைப்பு, ஒப்பனை, நிகழ்ச்சி முகாமை ஆகியவற்றைத் தொழிலாகக் கற்பிக்க வேண்டும். வட்டுக்கோட்டையின் கூத்து மரபும் காத்தவராயன் கூத்தும் வசந்தனும் காவடியும் இந்த மண்ணின் ஆட்டங்கள். பரதம் கற்கும் பிள்ளை அவற்றில் ஒன்றையாவது அண்ணாவியாரிடம் நேரில் பழகி வெளியேறினால், சென்னைப் பட்டதாரியிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருக்கும்.

உள்ளே நுழைந்த பின்னும் செலவு இல்லாமலில்லை. 2025 வரவு செலவுத் திட்டம் மகாபொல புலமைப்பரிசிலை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தியது. நல்லது. ஆனால் வன்னியிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கும் மாணவிக்கு அது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாது. உடுப்பும் அணிகலனும் அதற்குள் வரா. புலம்பெயர் சங்கங்கள் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் அள்ளிக் கொடுக்கின்றன. லண்டனிலும் ரொறன்ரோவிலும் தம் பிள்ளைக்கு அரங்கேற்றம் செய்யும் ஒவ்வொரு குடும்பமும் அந்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை மருதனார்மடத்து மாணவி ஒருத்தியின் நான்கு வருடத்துக்கென ஒதுக்கலாம். கேட்பது நன்கொடை, ஆனால் அது எங்கே போய்ச் சேர்கிறது என்ற கணக்கைப் பீடம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

நல்ல நடனக் கல்லூரி எங்கே என்று தேட வேண்டிய நிலையில் யாழ்ப்பாணம் இல்லை. 1960இல் ஒரு தனிமனிதர் போட்ட அத்திவாரம் அந்தத் தேவையைத் தீர்த்துவிட்டது. இன்று மிஞ்சியிருப்பது அதன் வாசலை வசதியற்ற பிள்ளைக்கும் திறந்துவிடும் வேலை. இதற்குப் புதிய கட்டடமோ பாராளுமன்றச் சட்டமோ தேவையில்லை. ஒரு பீடச் சபைத் தீர்மானமும் சில சனிக்கிழமைகளும் போதும். அடுத்த உயர்தரப் பெறுபேறு வருவதற்கு முன் முதல் ஆயத்த வகுப்பு தொடங்கட்டும். தொடங்கும் திகதியைப் பீடம் அறிவிக்குமானால் அதை முதற் பக்கத்தில் வெளியிட இப்பத்திரிகை ஆயத்தமாக இருக்கிறது.